ஏப்ரல் ஒன்பதில் நின்ற கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என் மேல் என்ன வன்மமோ தெரியவில்லை. சனிக்கிழமை காலையிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் தேர்வு. வீட்டிலிருந்தபடியே எழுத வேண்டும், எழுதி முடித்த கையோடு கேமரா முன்னால் நேர்காணல். போனில் எழுத முடியாது, பழைய பதிப்பு ஓடும் கம்ப்யூட்டரிலும் முடியாது, சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று மெயிலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாதாம். ஆகவே பஸ் ஸ்டாப் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கும் போக வழியில்லை.

நான் பாண்டிமீனா. ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். வரத்தான் செய்யும். இதே கம்பெனி ஐப்பசியில் ஒரு தடவை கூப்பிட்டு, எப்போது சேர முடியும் என்று கேட்டது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். அப்பா முடியாது என்றார். அந்த மனிதர்கள் நல்லவர்கள், தையில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அப்பா முடியாது என்றதற்கு அந்தக் கம்ப்யூட்டரே காரணம். அதை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. அப்பா விருமாண்டிக்குத் திருவாதவூரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. விடிந்ததும் மொபெட்டில் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்து, கைகால் கழுவி, நெற்றியில் பூசிய கையோடு மானிட்டருக்கும் ஒரு கோடு திருநீறு பூசிவிட்டு உட்கார்வார். அதில் அவர் பார்ப்பது ஜாதகம் ஒன்றுதான். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் கட்டம் போட்டு, இப்போது என்ன திசை, அதற்குள் என்ன புத்தி, அது தீர இன்னும் எத்தனை மாதம் என்று காட்டும் ஒரு சாஃப்ட்வேர். அப்பா ஜோசியர் கிடையாது, யாரிடமும் கை நீட்டுவதும் கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்வார், அவ்வளவே. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்கக் கிளம்புவதானாலும் போர் போடுவதானாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும்.

எனக்கு நடப்பது சனி திசையில் கேது புத்தி. அது முடியும்வரை கல்யாணமும் கூடாது, வெளியூர் வாசமும் கூடாது. இது அப்பாவின் தீர்ப்பு. இதில் அவரை வெறும் பிடிவாதக்காரர் என்றும் சொல்ல முடியாது. அவருடைய தங்கை, என் அத்தை முனீஸ்வரியை, கேது புத்தியில் அவசரப்பட்டுக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் மாமாவைப் பாம்பு கடித்துவிட்டது. அந்த அவசரத்தில் முன்னால் நின்றது அப்பாதான். அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் ஓரமாகத்தான் நிற்பாள். அப்பா அவள் பக்கம் பார்க்கவே மாட்டார். அதனால்தான் என்னால் அவரை மீறிக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. நான் கோயம்புத்தூரில் போய் இரண்டு தும்மல் போட்டால்கூட இந்த மனுஷன் இங்கே சாப்பிடாமல் கிடப்பார்.

ஆனால் அந்தக் கேது புத்தி முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் "இன்னும் பதினோரு மாசம் இருக்குத்தா" என்பார். போன வருஷமும் இதையேதானே சொன்னீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேது பின்னாடி நடக்குற கெரகம்த்தா. முன்ன பின்ன ஆகத்தான் செய்யும்."

எனக்கு அந்தக் கட்டங்களில் பாதி நம்பிக்கைதான், மீதிப் பாதியை அப்பாவுக்காக வைத்திருந்தேன். இந்தத் தடவையும் அவர் சொன்னது அதுதான். பரீட்சையை எழுது, வேலை கிடைக்கட்டும், சேர்வதை மட்டும் பதினோரு மாதம் தள்ளிக் கேள். எந்த ஊர்க் கம்பெனி பதினோரு மாதம் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கும்? முதலில் எழுதி ஜெயிப்போம், சண்டையை அப்புறம் போடுவோம் என்று இருந்தேன். எழுதுவதற்கே கம்ப்யூட்டர் வழிவிடவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெனிஷாவுக்குப் போன் போட்டேன். அடுத்த தெருவில் இருக்கிறாள். மதுரைக்குள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளுடைய லேப்டாப்பை அவள் தம்பி ஜூடு பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டான், இல்லாவிட்டால் இந்தப் பாடே எனக்கு வந்திருக்காது.

"வாரேன். நான் வர்ற வரைக்கும் எதையும் அமுக்காத. ஒனக்குக் கோபம் வந்தா கம்ப்யூட்டருக்குத்தான் ஆகாது" என்றாள்.

வந்தவள் முதலில் வயரைப் பார்த்தாள். அம்மாவின் சீரியலுக்காக வாங்கிய இணைய இணைப்பு டிவியில் நன்றாகத்தான் ஓடியது. அதே பெட்டியிலிருந்து வரும் வயர்தான் கம்ப்யூட்டருக்கும் போகிறது. வயரை மாற்றிச் செருகினோம். அதே பாட்டு. என் போனிலிருந்து இணைப்பு கொடுத்துப் பார்த்தோம். அதே பாட்டு. இடம் போதவில்லையோ என்று பார்த்தால் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. வைரஸ் ஏதாவது இருக்குமோ என்று பார்க்கப் போனவள், அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏடி, இந்த ஆன்டிவைரஸ் எப்பப் போட்டது?"

"கம்ப்யூட்டர் வாங்கினப்ப. நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"கடைசியா எப்பப் பணம் கட்டிப் புதுப்பிச்சீங்க?"

"யாரு கட்டுனா? ரெண்டு வருஷமா ஒருத்தரும் கட்டல."

"இது இன்னும் இருபது நாள் பாக்கி இருக்குன்னு சொல்லுது."

அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொன்னேன். ஜெனிஷா விடவில்லை. அவளுக்கு ஒன்று புரியவில்லை என்றால் புரிகிறவரை சோறு இறங்காது. திரையை மேலிருந்து கீழே ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். வலது பக்கம் கீழ் மூலையில் அவள் விரல் போய் நின்றது.

தேதி: 2024 ஏப்ரல் 9.

நடந்துகொண்டிருப்பது 2026 ஜனவரி. பொங்கல் வைத்த அடுப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது.

"இதுதான்டி சங்கதி. ஒவ்வொரு வெப்சைட்டும் ஒரு அத்தாட்சி வச்சிருக்கும். இந்தத் தேதியிலருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுல போட்டிருக்கும். ஒங்க கம்ப்யூட்டர் ரெண்டு வருஷம் பின்னாடி நின்னுக்கிட்டு, அந்த அத்தாட்சி இன்னும் பொறக்கவே இல்லையேன்னு முழிக்குது. அதான் எல்லாத்தையும் பாதுகாப்பில்லைங்குது."

தேதியைச் சரிசெய்தாள். மறு நிமிஷமே பக்கம் திறந்துகொண்டது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. புதிய பதிப்பு இறங்கத் தொடங்கியது. பாதியில் நின்று, முதலில் ஒரு சின்ன அப்டேட் போட வேண்டும், அணைத்துத் திறக்க வேண்டும் என்று கேட்டது. அணைத்துத் திறந்தோம். பழையபடி பாதுகாப்பில்லை என்றது. மூலையில் ஏப்ரல் 9.

இந்த நேரத்தில்தான் அப்பா வயலிலிருந்து வந்தார். இரண்டு பேர் தன் நாற்காலியில் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, வாங்க. என்ன, கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுதா?"

"தேதி நிக்க மாட்டேங்குது அங்கிள். உள்ள இருக்குற பேட்டரி தீந்திருக்கும்னு நெனக்கிறேன்."

"பேட்டரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் பல்பு போனால்கூட நாலு பேரைக் கேட்கிற மனுஷன், கண்ணால் பார்க்காத பேட்டரிக்கு உடனே தலையை ஆட்டுகிறார். ஆனால் யோசிக்க நேரமில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், வாட்ச் கடையில் ஒரு ரூபாய்க் காசு போல இருக்கும் அந்த வட்ட பேட்டரியை வாங்கி வந்தேன். மேலூர் ரோட்டில் முகூர்த்த நாள் கூட்டம், வேன்கள் வரிசையாக நின்றன. ஹார்ன் அடித்து அடித்து எனக்குக் கைதான் வலித்தது.

ஜெனிஷா பெட்டியைத் திறந்து பேட்டரியை மாற்றினாள். தேதியைச் சரிசெய்தாள். அணைத்துத் திறந்தாள்.

ஏப்ரல் 9.

"எரும" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னேன். கையில் இருந்த ஸ்குரூடிரைவரை மேஜை மேல் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, பதிப்பு முழுதாக இறங்கவே ஒரு மணி நேரம் வேண்டும், அப்புறம் அது நடுநடுவே தானாக அணைந்து திறந்து ஏறி உட்கார வேண்டும், ஒவ்வொரு தடவையும் தேதி பின்னால் ஓடினால் எங்கே ஏறும்? இந்த வேலையும் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது.

ஜெனிஷாவுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவள் கண்ணில் வேறொன்று வந்திருந்தது.

"மீனா, ஒண்ண கவனிச்சியா? பேட்டரி செத்துப்போனா தேதி உள்ள இருக்குற போர்டு செஞ்ச காலத்துக்குப் போகும். இது ஏன் ஒவ்வொரு தடவையும் கரெக்டா அதே ஏப்ரல் ஒம்பதுல போய் நிக்குது?"

"எனக்கென்னடி தெரியும்?"

"இன்னொரு தடவ அணைக்கிறேன். தொறக்கும்போது நீயும் பாரு."

தேதியைச் சரியாக வைத்து அணைத்தாள். திறக்கும்போது ஏதோ ஒரு பட்டனைத் தட்டித் தட்டி, சிஸ்டம் ஏறுவதற்கு முன்னால் வரும் நீலத் திரையில் நிறுத்தினாள். அங்கே தேதி சரியாக இருந்தது. 2026, ஜனவரி. அப்படியே உள்ளே விட்டாள். முகப்புப் படம் வந்தது. ஒரு கறுப்புக் கட்டம் கண் சிமிட்டுகிற நேரத்துக்கு வந்து மறைந்தது. மூலையில் தேதி மாறிவிட்டது.

"பாத்தியா, பேட்டரி மேல தப்பே இல்ல. உள்ள போனப்புறம் யாரோ மாத்துறாங்க" என்றாள்.

"யாரோன்னா? பேயா?"

"பேய்க்கு இம்புட்டு ஒழுங்கு இருக்காது."

நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி ஒன்று இருக்கிறதாம், அதையும் யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஓடும் விஷயங்களின் வரிசையை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். எனக்கு என் பரீட்சைகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. எங்கள் வீட்டுக்குள் எங்களுக்குத் தெரியாமல் ஒரு ஆள் உட்கார்ந்து தினமும் காலண்டரைத் திருப்பிவைக்கிறான் என்றால் யாருக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கத் தோன்றாது?

அப்பா பின்னால் வந்து நின்றார். போனார். மறுபடி வந்தார்.

"ஏத்தா, டீச்சரம்மாவுக்கு மோர் குடுக்கலாம்ல. வெயில்ல வந்துருக்கு."

"குடிச்சாச்சு அங்கிள்."

"அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட போன்லயே பேசிப் பாரேன் மீனா. இந்த மிசினு பழசு, இதப் போட்டு என்னத்துக்கு நோண்டிக்கிட்டு."

வரிசையில் கடைசியாக 'நாள்' என்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. ஜெனிஷா அதைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு வரி. தேதியை 2024 ஏப்ரல் 9 என்று மாற்று. அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதும் அந்த ஒரு வரி ஓடியிருக்கிறது.

நான் நாற்காலியைத் திருப்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், சுவரில் தொங்கும் நிஜக் காலண்டரை.

"அப்பா."

"அதுவாத்தா… அந்த ஜாதக சாப்ட்வேர் இருக்குல்ல. அது ஒரு மாசத்துக்குத்தான் சும்மா ஓடும், அப்புறம் பணம் கட்டணும்னு சொல்லுச்சு. போட்டுக் குடுத்த மேலூர்ப் பய, நீங்க ஏன் அண்ணே கட்டணும், தேதிய நிறுத்தி வச்சுட்டா அதுக்கு ஒரு மாசம் ஆகவே ஆகாதுன்னான். நிறுத்தி வச்சான். ஒரு பூட்டு மாதிரித்தானத்தா. யாருக்கு என்ன நட்டம்?"

"இத காலையிலயே சொல்லியிருக்கலாம்ல? நான் எதுக்குப் பேட்டரி வாங்க நாயா அலைஞ்சேன்?"

"டீச்சரம்மா முன்னாடி எப்படித்தா சொல்றது? காசு குடுக்காம திருட்டுத்தனமா ஓட்டுறேன்னா?"

அம்மா முத்துத்தாய் கையில் கரண்டியோடு வந்து நின்று, "இதுக்குத்தான் வந்ததுலருந்து பூனை மாதிரி சுத்திச் சுத்தி வந்தீகளாக்கும்" என்றாள்.

அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் கதை முடிந்தது. ஆனால் ஜாதக சாஃப்ட்வேர் அந்த நிமிஷமே செத்துப்போகும், அதன் ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவுக்கு அது தெரிந்துதான் இருந்தது. "சொந்தத்துல இம்புட்டுப் பேரு நம்பிக்கிட்டு இருக்காங்க" என்று முனகினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அழிப்பதற்கு முன்னால் என் கட்டத்தை ஒரு தடவை நானே பார்க்கிறேன், அப்படி என்னதான் அந்தக் கேதுவுக்கு என்மேல் ஆசை என்று சொல்லி சாஃப்ட்வேரைத் திறந்தேன். இத்தனை நாளும் அப்பா வாசித்துச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். திரையை நான் பார்த்ததே இல்லை.

கட்டம் வந்தது. கீழே சனி திசை, கேது புத்தி, இருப்பு பதினோரு மாதம் மூன்று நாள்.

"பாத்தியா, நான் சொன்னதுதான" என்றார் அப்பா. அவர் குரலில் கொஞ்சம் தெம்பு திரும்பியிருந்தது.

ஜெனிஷா வேதக்காரப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயரில் பாடுகிறவள். இந்தக் கட்டமெல்லாம் அவளுக்குப் புதுசு, வேடிக்கை பார்ப்பது போலத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், மேல 'இன்று'ன்னு ஒரு எடத்துல போட்டிருக்கே, அதுவும் நீங்க குடுக்குறதா?"

"இல்ல டீச்சரம்மா, அது தானா வரும்."

"எங்கருந்து வரும்?"

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். இன்று: 9-4-2024.

பக்கத்தைக் கீழே தள்ளினேன். எல்லாப் புத்தியும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கீழே வரிசையாக இருந்தன. கேது புத்தி முடிவு, 2025 மார்ச் 12. அதற்கு அடுத்த வரி, சுக்கிர புத்தி ஆரம்பம்.

"அப்பா, இது போன மாசியிலயே முடிஞ்சிருச்சுப்பா."

"என்னத்தா சொல்ற?"

"கேது புத்தி. போன மாசியில. இது ஏப்ரல் ஒம்பதுலயே நின்னுக்கிட்டு அங்கருந்து எண்ணிக்கிட்டு இருக்கு. எப்பத் தொறந்தாலும் அதுக்குப் பதினோரு மாசம்தான். இன்னும் அம்பது வருஷம் கழிச்சுத் தொறந்தாலும் பதினோரு மாசம்தான்."

"ஜாதகம் பொறந்த தேதிய வச்சுத்தான… அதத்தான நாம குடுக்குறோம். இன்னைக்குத் தேதிக்கு அதுல என்ன சோலி?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் குரல் இறங்கியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து, இன்று என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். மாசியிலிருந்து பங்குனி, சித்திரை என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஆவணியில் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆவணியில் சோழவந்தானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எங்கள் ஜனம்தான். பையன் மின்வாரியத்தில் இருந்தார். மொட்டை மாடியில் எங்களைக் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். யானைமலையைக் காட்டி, தினமும் இதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்ப்பீர்களா என்று கேட்டார். பல் தேய்க்கும்போது யாரும் மலையைப் பார்ப்பார்களா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அப்பாவிடமும் சொன்னேன், வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அப்பா கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, பெண்ணுக்கு நேரம் சரியில்லை, பதினோரு மாதம் பொறுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் பொறுக்கவில்லை. கார்த்திகையில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"சுக்கிர புத்திப்பா" என்றேன். "கல்யாணத்துக்கு இதவிட நல்ல நேரம் கெடையாதுன்னு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நீங்கதான சொல்லுவீங்க? அந்த நேரம் எனக்குப் பத்து மாசமா நடந்துக்கிட்டு இருந்திருக்கு. நீங்க ஏப்ரல்ல ஒக்காந்துக்கிட்டு என்னைய வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்தீங்க."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவும் ஜெனிஷா முன்னால். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலையில் கையை வைத்தாள். அந்தக் கையையும் தட்டிவிட்டேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பின்பு, "அழிச்சிரு" என்றார்.

"அங்கிள், இத அழிச்சா ஜாதகம் தொறக்காது" என்றாள் ஜெனிஷா.

"தெரியும் டீச்சரம்மா. அழிச்சிருங்க. எம் பிள்ளைக்கு மூணு மணிக்குப் பரீட்சை."

ஜெனிஷா கோப்பை அழித்தாள். தேதியைச் சரிசெய்து, தானாகச் சரிசெய்யும் வசதியையும் போட்டுவிட்டாள். அணைத்துத் திறந்தோம். கறுப்புக் கட்டம் வரவில்லை. மூலையில் ஜனவரி அப்படியே நின்றது. புதிய பதிப்பு இறங்கத் தொடங்கியது. நான் முகம் கழுவிவிட்டு வந்து அந்தச் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே தயிர்சோறு சாப்பிட்டேன், என்ன சாப்பிட்டேன் என்று தெரியாமல். முப்பதில் நின்று நிதானித்தது. எழுபதில் ஒரு தடவை தானே அணைந்துபோனது, என் கை பவர் பட்டனுக்குப் போனது. ஜெனிஷா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அதுவா எந்திரிக்கும், தொடாத" என்றாள். எழுந்தது. இரண்டரை மணிவாக்கில் புதிய முகப்பு வந்தது. கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தோம். அந்த ஜாதகப் படத்தை நான் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். காலம் முடிந்துவிட்டது, பணம் செலுத்தவும் என்று மட்டும் வந்தது.

அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. ஜெனிஷா போகும்போது, "நல்லா எழுது, ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

தேர்வு எனக்கு வராத பாடம் இல்லை. வரவு செலவு, வரிக் கணக்கு, அவ்வளவுதான். எழுதி முடித்ததும் திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள், ஒரு பெரியவரும் ஒரு அம்மாளும். என்ன வேலை செய்கிறேன், ஏன் வெளியே வர நினைக்கிறேன் என்று கேட்டார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அவருக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. இங்கிருந்து பேசினால் திருவாதவூருக்கு நேராகவே கேட்கும்.

"சங்கிலி, விருமாண்டி பேசுறேன்ப்பா. ஒன் மகளுக்குத் தைக்கு மேல பாக்கலாம்னு நான் சொன்னேன்ல, அது தப்பு. கம்ப்யூட்டருல தேதி நின்னுபோச்சு. இல்லப்பா, கம்ப்யூட்டரு மேல குத்தமில்ல. நான்தான் நிறுத்தி வச்சேன். நீ வேற ஆளுகிட்ட பாரு. ஆமா, எங்கிட்ட இனிமே கேக்காத."

அடுத்தது மருது அண்ணன். அவர் போர் போடுவதைத் தள்ளிவைத்ததும் இவர் சொல்லித்தான். அந்தப் பக்கம் அண்ணன் சத்தம் போடுகிறார் என்று இவர் பேசாமல் இருந்ததிலிருந்தே தெரிந்தது. "திட்டு, திட்டு, வாங்கிக்கத்தான் பேசுறேன்" என்றார். அதன் பிறகு இன்னொருவர். அதற்கடுத்து இன்னொருவர். ஊரில் விருமாண்டி சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. அதை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில் யாராவது இருக்கிறார்களா? சத்தம் கேட்கிறதே" என்றார் திரையில் இருந்த அம்மாள்.

"அடுத்த ரூம்ல அப்பா மேடம். போன் பேசிக்கிட்டு இருக்காங்க."

பெரியவர் என் சம்பளத்தைப் பற்றி ஏதோ கேட்டார். சொன்னேன். அப்பாவின் குரல் இப்போது இறங்கியிருந்தது. இந்தப் போனை மட்டும் அவர் பாட்டுக்குப் பேசவில்லை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"சோழவந்தானுங்களா? ஐயா, நான் ஒத்தக்கடை விருமாண்டி. ஆவணியில வந்தீகளே… ஆமாங்க. மகனுக்குக் கல்யாணம் ஆனது தெரியும்ங்க, நல்லா இருக்கட்டும். வேற ஒண்ணுக்குமில்ல. எம் பொண்ணுக்கு நேரம் சரியில்லன்னு ஒங்ககிட்டச் சொன்னேன். அது பொய்யாப் போச்சுங்க. பொண்ணு மேல ஒரு கொறையும் கெடையாது. அன்னைக்கே நல்ல நேரம்தான் இருந்துருக்கு, நான்தான் அத மறிச்சுக்கிட்டு நின்னுட்டேன். நாலு பேரு கேட்டா இதத்தான் நீங்க சொல்லணும்."

நான் கேமராவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை. பெரியவர் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"மன்னிக்கணும் சார். இன்னொரு தடவை கேளுங்க."

"போன தடவை வீட்டில் கேட்க வேண்டும் என்றீர்கள். இப்போது எப்படி? எப்போது சேர முடியும்?"

பக்கத்து அறையில் போனை வைத்த சத்தம் கேட்டது. அப்பா இருமினார். அவர் அங்கேயே நிற்கிறார், என் பதிலுக்காகத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"திங்கக்கிழமை வாரேன் சார்."

அன்று என்ன நாள், என்ன நேரம் என்று பக்கத்து அறையிலிருந்து யாரும் கேட்கவில்லை.